சைலன்சர், சப்ரசர், ஒலியடக்கி

மதுரை சிம்மக்கல் பக்கம் 'புல்லட் சைலன்சர்' எங்கே கிடைக்கும் என்று கேட்டால் மெக்கானிக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். நம் ஊரில் சைலன்சர் என்றால் வண்டியின் புகைக்குழாய். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் இதே சொல்தான். துப்பாக்கிக் குழலின் முனையில் திருகி மாட்டும் உருளைக்கும் அதுவே பெயர்.

துப்பாக்கி சைலன்சருக்கு 1909-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரின் மகன். என்ஜின் சத்தத்தைக் குறைக்கவும் அவர் பாடுபட்டார். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான்: பீறிட்டு வரும் சூடான வாயுவை அறைகளுக்குள் விரியவிட்டு, வேகத்தைக் குறைத்து வெளியே அனுப்புவது. 'மாக்சிம் சைலன்சர்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பேசாதிருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

அந்தப் பெயர் பொருளை மிகைப்படுத்துகிறது. ரைஃபிள் சுடும் சத்தம் சுமார் 160 டெசிபெல். கருவியை மாட்டினால் 20 முதல் 35 டெசிபெல் வரை குறையும். மிச்சமிருப்பதும் பெரிய சத்தம்தான். போதாததற்கு, ரவை (தோட்டாவிலிருந்து பாயும் குண்டு) ஒலியைவிட வேகமாகப் பாய்ந்தால் காற்றில் தனியே ஒரு வெடிப்பொலி எழும். குழல் முனையில் எதை மாட்டினாலும் அதைத் தடுக்க முடியாது. சினிமாவில் வரும் 'புஸ்' சத்தத்தை நம்பிவிடக் கூடாது. இதனால்தான் துப்பாக்கி அறிந்தவர்கள் சப்ரசர் என்று சொல்ல விரும்புகிறார்கள். கீழே அழுத்துதல் என்பது அதன் லத்தீன் வேர். ஜெர்மானியர்கள் வண்டிக்கும் துப்பாக்கிக்கும் 'ஷால்டேம்ஃபர்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். ஒலியைத் தணிப்பது என்று பொருள்.

சரி, தமிழில்? 'அமைதியாக்கி' சைலன்சரின் அதே பிழையைச் சுமக்கிறது. 'ஒலியொடுக்கி'யில் அடக்குமுறையின் வாடை. 'ஒலிதணிப்பான்' நல்ல சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் என் தேர்வு 'ஒலியடக்கி'. அலங்காநல்லூரில் திமிலைப் பிடித்துக் குறிப்பிட்ட தூரம் தாக்குப்பிடித்தால் மாட்டை அடக்கிவிட்டான் என்கிறோம். மாடு அதன்பிறகும் துள்ளி ஓடத்தான் செய்கிறது. அடக்குவது என்றால் கட்டுக்குள் கொண்டுவருவது, இல்லாமல் செய்வது கிடையாது. அப்புறம், 'உள்ளடக்குதல்' என்ற பொருளும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வாயுவை உள்ளே அடக்கி வைப்பதால்தானே சத்தம் அடங்குகிறது! இரண்டு பொருளும் ஒரே வினையில் கிடைப்பது தமிழின் கொடை.

அனுமதி உள்ள நாடுகளில் ரைஃபிளுக்கு ஒலியடக்கி தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: எவ்வளவு வாயுவை அடக்கும்? உள்ளே இடம் கூடினால் சத்தம் பொதுவாக அதிகம் குறையும். நீளமும் எடையும் ஏறும். சுமந்து திரியும் வேட்டைக்காரர் இலகுவான டைட்டானியத்தை நாடுவார். தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறும் இடத்தில் எஃகு தாங்கும். அதன் துளை ரவையின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கருவி குழல் முனையின் மரையோடு (திருகுப்புரியோடு) பொருந்துவதாகவும், சுடும் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். குழலோடு நேர்கோட்டில் அமையாவிட்டால் ரவை உள்சுவரில் மோதிவிடும்.

இந்தியாவில் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவிகளை ஆயுத விதிகள் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. சாதாரண உரிமம் உள்ளவர் வாங்க முடியாது. குறி சுடப் பழகுபவர்களுக்குக் காதுமூடிதான் காவல்.

எழுதும்போது 'ஒலியடக்கி' என்று சேர்த்தே எழுதலாம். எதைச் சொல்கிறோம் என்று குழப்பம் வரும் இடத்தில் 'துப்பாக்கி ஒலியடக்கி', 'வண்டி ஒலியடக்கி' என்று முன்னால் ஒரு சொல் போட்டால் போதும்.