பின் கண்ணாடியில் பிளேடு வைக்காதீர்கள்

இந்தச் சித்திரை மாதத்தில் மட்டும் இது நான்காவது வண்டி. குடியாத்தத்துக்காரர். மகளின் வளைகாப்புக்கு முன்னால் காரைப் புதுசு மாதிரி ஆக்க வேண்டும் என்று பழைய கூலிங் பேப்பரை உரித்துவிட்டு வேறு போட்டிருக்கிறார். "அண்ணே, பின்னாடி கண்ணாடில ஆவி படிஞ்சா போகவே மாட்டேங்குது. சுவிட்ச் போட்டா லைட்டு மட்டும் எரியுது, இன்னான்னு பாருங்க" என்றார்.

டிக்கியைத் திறந்து டார்ச் அடித்தேன். புது ஃபிலிமுக்கு அடியில், சாய்வாக ஒரு கீறல். மேலிருந்து கீழே, கண்ணாடியைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் மொத்தம் 11 கோடுகளில் 9 கோடுகளை அறுத்துக்கொண்டு போயிருந்தது. பழைய பசையைச் சுரண்ட பிளேடு போன வழி அது. அந்தக் கீறலின் மேலேயே புது ஃபிலிமை ஒட்டி, துடைத்து, பளபளப்பாக்கி, காசு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டியவர் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் வயிறு எரிகிறது. வேலூரில் இருபது வருடமாகக் கண்ணாடி வேலையும் ஃபிலிம் வேலையும் செய்கிறவன் நான். இது தெரியாமல் நடக்கும் தவறு அல்ல, அவசரத்தில் நடக்கும் தவறு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காரின் மற்றக் கண்ணாடிகள் மாதிரி அல்ல பின் கண்ணாடி. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விடும், உதிராது. பின் கண்ணாடி சூட்டில் பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் மொத்தமும் கற்கண்டு மாதிரி கொட்டிவிடும். அதன் உள்பக்கம் மெல்லிசாக ஓடும் செம்பழுப்புக் கோடுகள், வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியிலேயே அச்சிட்டுச் சுட்டவை. சுவிட்ச் போட்டால் அதில் மின்சாரம் ஓடி, கண்ணாடி சூடாகி, ஆவி போகும். இதைத்தான் டிஃபாகர் என்கிறோம். சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவும் அதிலேயே இருக்கும். ஃபிலிமும் அதே உள்பக்கத்தில்தான் ஒட்டும். ஆகவே உரிக்கும்போது பிளேடுக்கும் கோட்டுக்கும் நடுவில் பசையைத் தவிர எதுவும் இல்லை.

"வெயிலூர்ல டிஃபாகர் எதுக்குண்ணா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐப்பசி மழையில் ஏ.சி. போட்டு ஐந்து பேர் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே இரவு வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். மார்கழியில் எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணி. சபரிமலைக்குக் கிளம்புகிற அவசரம். பின் கண்ணாடியில் அடர் கறுப்பு ஃபிலிம், அதன் மேல் பனி, டிஃபாகர் வேலை செய்யவில்லை. ரிவர்ஸ் எடுத்தவருக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நகர்ந்துவிட்டார். சக்கரத்துக்கு அடியில் போனது கோலமாவு டப்பா மட்டும். அந்த நசுங்கிய டப்பாவை என் கண்ணால் பார்த்தேன். இன்றுவரை அடர் கறுப்பு வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வருகிறது.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். "நல்லா கறுப்பா போடுங்கண்ணா, அப்பதான் சூடு வராது."

வராது என்று யார் சொன்னது? வெயிலில் வரும் சக்தியில் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் நாற்பது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். மிச்சம் புற ஊதா. சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் வெளிச்சத்தை மறைக்கும். அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். மறைத்த வெளிச்சத்தையும் அது தானே குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை வண்டிக்குள் விடும். நண்பகலில் நேஷனல் தியேட்டர் பக்கமோ கோட்டை மைதானத்திலோ நிறுத்தின வண்டியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாது. கண்ணுக்கு இருட்டாக இருப்பதால் குளிர்ச்சி என்று மனசு நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று கடையில் ஒரு 250 வாட் அகச்சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டில் கறுப்புச் சாய ஃபிலிம், இன்னொன்றில் நிறமே இல்லாத மாதிரி இருக்கும், பீங்கான் நுண்துகள் கலந்த நானோ செராமிக் ஃபிலிம். விளக்கைப் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வேன். கறுப்புக்குப் பின்னால் பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிடுவார்கள். நிறமில்லாததற்குப் பின்னால் பேசிக்கொண்டே நிற்பார்கள். ஆம்பூர் தோல் கம்பெனி வைத்திருக்கும் பாய் ஒருவர் மூன்று முறை மாற்றி மாற்றிக் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இருட்டுக்குத்தான் காசு கொடுத்திருக்கோம்" என்றார். அதோடு அந்தச் சாய ஃபிலிம் நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாங்கினாலே பெரிது. மூன்றாவது கோடையில் ஊதாவாகி, கொப்புளம் போட்டு, உரிக்கச் சொல்லிப் பிளேடுக்காரரிடம் போகும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அரைகுறைச் செய்தி நிறைய ஓடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100: முன் கண்ணாடி, பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சம், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சம் போக வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டவே தடை போட்டது. பிறகு விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடம் கொடுத்தது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இந்தத் திருத்தத்தின்படி அனுமதித்த அளவுக்குள் ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போட முடியாது என்றது. அதை மட்டும் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, "இப்ப எல்லாம் போட்லாமாம்ண்ணா" என்று வருகிறார்கள். அளவுக்குள் என்பதைப் படிக்கவில்லை. கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் வண்டியை ஓரம்கட்டச் சொல்லும்போது போனில் தீர்ப்பைத் தேடிக் காட்டுவது யாருக்கும் நல்ல அனுபவமாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இல் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி சிக்கினால் 1500 வரை அபராதம்.

அளவு விஷயத்தில் எங்கள் தொழிலில் நடக்கும் ஒரு ஏமாற்று இருக்கிறது. "இது 70 ஃபிலிம் சார், லீகல்" என்று ரோலின் மேல் எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். ஆனால் அளவு ஃபிலிமுக்கு மட்டும் அல்ல, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்ததற்கு. வெறும் கண்ணாடியே முழு வெளிச்சத்தையும் விடுவதில்லை. கண்ணாடி 78 சதவீதம் விடுகிறது, அதன்மேல் 70 ஃபிலிம் என்றால் மொத்தம் 55-க்குக் கீழே. பின் கண்ணாடிக்கு அது செல்லாது. அதே கண்ணாடியில் 90 விடும் ஃபிலிம் ஒட்டினால்தான் 70.2 வரும், அதுவும் விளிம்பில். அதனால் ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை வெளிச்சம் அளக்கும் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

ஒட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை. வண்டி நிழலில் நின்று, கண்ணாடி ஆறிய பிறகுதான் தண்ணீர் பட வேண்டும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை அடித்தாலும், ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாலும், ஏற்கெனவே ஓரத்தில் சின்னக் காயம் இருந்தால் கண்ணாடி போய்விடும். பின் கண்ணாடி வளைவு. ஃபிலிமை வெளிப்பக்கம் போட்டு, பவுடர் தூவி, மடிப்புகளை மேலும் கீழுமாக ஒதுக்கி, சூடு காட்டிச் சுருக்கி, வளைவுக்கு உட்கார வைத்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போக வேண்டும். ஒரே துண்டாக ஒட்டத் தெரியாதவர்கள் மூன்று பட்டையாக வெட்டி ஒட்டுவார்கள். அந்த வெட்டு எங்கே விழும்? கோட்டின் மேல்தான். ஃபிலிமைக் கண்ணாடியில் வைத்து பிளேடால் வெட்ட விடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே சோப்புத் தண்ணீர் வழிந்து ஸ்பீக்கருக்கும் மேல் பிரேக் லைட் வயருக்கும் போகும், கெட்டித் துண்டு விரிக்கச் சொல்லுங்கள். அந்த மேல் பிரேக் லைட்டுக்கு முன்னால் ஃபிலிமே இருக்கக் கூடாது. பள்ளிகொண்டா பக்கம் பைபாஸில் உங்களுக்குப் பின்னால் வரும் லாரிக்காரர் அதைப் பார்த்துத்தான் மிதிப்பார்.

ஒட்டி முடிந்ததும் பால் மாதிரி மங்கல், சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். ஊசி வைத்துக் குத்தாதீர்கள். காயும்வரை டிஃபாகர் போடாதீர்கள், உள்ளே துடைக்காதீர்கள். பிறகும் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், ஈரத்துணி போதும்.

உரிப்பது எப்படி? நம் ஊர் வெயிலே நமக்கு ஸ்டீமர். வெளிப்பக்கம் கறுப்புப் பாலித்தீன் கவரைத் தண்ணீர் தெளித்து ஒட்டி, உள்ளே ஃபிலிமைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். பசை இளகும். ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, கோடு ஓடுகிற திசையிலேயே, இடவலமாக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கோடும் கூடவே வரும். மிச்சப் பசையைத் துணியால், அதே திசையில். அரை நாள் வேலை. பிளேடில் இருபது நிமிடம். அந்த வித்தியாசத்துக்குத்தான் கண்ணாடி பலியாகிறது.

குடியாத்தத்துக்காரருக்கு அந்தப் புது ஃபிலிமையும் இப்படித்தான் உரித்தேன். உரிக்காமல் வோல்ட் மீட்டர் முனையைக் கோட்டில் வைக்க முடியாது. ஒவ்வொரு கோட்டிலும் மீட்டரை நகர்த்தி, வோல்ட் சட்டென விழும் இடத்தைக் குறித்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட்டை மெல்லிய பிரஷ்ஷில் தடவினேன். 9 வெட்டில் 7 உயிர் பெற்றது. இரண்டு கோடு செத்ததுதான். கண்ணாடி மாற்ற வேண்டாம் என்றதும் அவர் முகம் தெளிந்தது, ஆனால் இரண்டு முறை ஃபிலிமுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சின்னக் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. உங்களைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பிளேடு இல்லாமல் உரிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் காலை பத்து மணி வெயில் ஏறும்போது சத்துவாச்சாரிக்கு வாருங்கள். காசு வேண்டாம். பழைய ஃபிலிம் ஒட்டிய ஒரு உடைசல் வண்டியின் பின் கண்ணாடியை இதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்.