ப்ரெப் இலவசம்தான், பில் ஏன் வருகிறது?

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் ப்ரெப் மருந்துக்கு அமெரிக்காவின் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்கள் உங்களிடம் ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 'ஏ' தரம் கொடுத்த சேவைகளுக்கு இன்சூரன்ஸ் காசு வாங்கக்கூடாது என்பது சட்டம். 2019இல் ப்ரெப்புக்கு அந்தத் தரம் கிடைத்ததால் வந்த உரிமை இது. பின்னணி இவ்வளவு போதும்.

மாத்திரையைவிட டாக்டர் விசிட்டிலும் லேபிலும்தான் பலர் மாட்டுகிறார்கள். தொடங்குமுன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகள். பிறகு மூன்று மாதத்துக்கொருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை. இவையும் இவற்றுக்கான விசிட்டும் இலவசம் என்று 2021 ஜூலையிலேயே எழுத்தில் சொல்லியாயிற்று. ஆனாலும் பில் வரும். காரணம், எதற்காக வந்தீர்கள் என்று கிளினிக் பில்லில் போடும் கோட். சாதாரண விசிட் என்று பதிந்தால் இன்சூரன்ஸ் கம்ப்யூட்டர் உங்கள் தலையில் கட்டிவிடும். கிளினிக் பில்லிங் பிரிவில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ப்ரெப்புக்கான கோடான இசட் 29.81 போட்டீர்களா? இது தடுப்புச் சேவை என்று காட்டும் 33 என்ற மாடிஃபயர் (கூடுதல் குறியீடு) இருக்கிறதா? இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்று கைகாட்டுவார்கள். அங்கே கேட்டால் கிளினிக்கைக் காட்டுவார்கள். கோடைத் திருத்தி மறுபடி அனுப்பவேண்டியது கிளினிக்தான், விடாதீர்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அப்பீலுக்கு 180 நாள் உண்டு. அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டினால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

26 வயதுக்குள் அப்பா அம்மாவின் இன்சூரன்ஸில் இருக்கும் தன்பாலீர்ப்பு இளைஞர்களுக்கு வேறொரு கண்ணி. என்ன சிகிச்சைக்கு எவ்வளவு என்ற விளக்கச் சீட்டு பாலிசிதாரரின் முகவரிக்குப் போகும். பில் பூஜ்யமானாலும் போகலாம். முதல் விசிட்டுக்கு முன்பே, தகவல் வெளியானால் எனக்கு ஆபத்து, கடிதங்களை என் முகவரிக்கே அனுப்புங்கள் என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுங்கள். போனில் சொன்னதை நம்பியிருக்காதீர்கள்.

சிற்றூர்களில் முதல் தடை டாக்டரே. "இதெல்லாம் நான் எழுதுவதில்லை" என்பார். எழுதத் தனிச் சிறப்புத் தகுதி எதுவும் வேண்டாம், சாதாரணக் குடும்ப டாக்டரே எழுதலாம். மறுத்தால் வீடியோ வழி டாக்டரைப் பாருங்கள். ரத்தம் கொடுக்க மட்டும் லேபுக்குப் போனால் போதும். நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு ஒப்பந்தமுள்ள டாக்டர்களில், ப்ரெப் தருபவர் யாருமே இல்லையென்றால், வெளி டாக்டருக்கும் இன்சூரன்ஸ் முழுதாகக் கட்டவேண்டும். கேட்காதவரை இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். பார்ப்பதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

குறுகிய கால இன்சூரன்ஸுக்கும், 2010 மார்ச் 23க்கு முன்பிருந்து மாறாமல் தொடரும் பழைய திட்டங்களுக்கும் இந்த இலவச விதி பொருந்தாது. சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

புதிய பரிசோதனை முடிவு இல்லாமல் அடுத்த 90 நாள் மாத்திரைக்குச் சீட்டு கிடைப்பது கடினம். 75ஆம் நாளே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.