இரண்டே இரண்டு லோச் வாங்காதீர்கள்

மறுபடியும் அதே படம் வாட்ஸ்அப்பில். ஒரு அடி கனசதுர மீன்தொட்டி, செடியெல்லாம் பிரமாதம். ஃபில்டருக்குப் பின்னால் செயின் லோச் என்ற குட்டி மீன் ஒற்றையாய், வயிறு ஒட்டிப்போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது. "ரெண்டு வாங்கினோம் சார், ஒன்னைக் காணோம். தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு கடையில சொன்னாங்க."

பண்ணாது. லோச் மற்ற மீனின் கழிவைத் தின்னாது. கண்ணாடிப் பாசியையும் அழுகிய இலையையும் தீர்த்துவைக்காது. நம் ஊர் அயிரையின் உறவுக்கார மீன் இது. மணலில் மூக்கை விட்டுத் துழாவுவது புழு, பூச்சி, குட்டி நத்தை தேடித்தான். (இறால் குஞ்சும் அதில் அடக்கம். இறால் வளர்ப்பவர்கள் கவனிக்க.) மேலே நீந்தும் மீன்கள் விட்ட மிச்சம் போதும் என்று விட்டால் பட்டினிதான். தொட்டிக்குள் இன்னொரு வயிறு வந்தால் அழுக்கு கூடுமே தவிரக் குறையாது. அழுக்கு சேர்கிறதா, தீவனத்தைக் குறையுங்கள், அடி அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயைக் கையில் எடுங்கள்.

செயின் லோச் கூட்டமாக வாழும் மீன். குறைந்தது 8 வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால் ஒளிந்தே கிடந்து இளைக்கும், இல்லையென்றால் பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும். தாய்லாந்தின் மே க்ளோங் ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது, அங்கே அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைக் குஞ்சுகள். 5 செ.மீ.தான் வளரும் என்றாலும் ஓயாமல் நீந்தும், 60 செ.மீ. நீளத் தொட்டி கேட்கும். உங்களிடம் இருப்பது 45×30×30, அதாவது 40 லிட்டர் என்றால் மியன்மாரின் ரோசி லோச் எடுங்கள். 3 செ.மீ.தான் வரும், 22–24 டிகிரியே போதும், நம் ஊட்டி மலைக்கு அதுதான் தோது. அழகாயிருக்கிறதே என்று கிளவுன் லோச் குட்டியை மட்டும் தூக்கிவராதீர்கள். அது ஒரு அடி வளரும்.

மணல் நைசாக இருக்கட்டும், கூரான கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகும். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். "காணோம்" என்ற அந்த மீனை முதலில் ஃபில்டருக்குள் தேடுங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம். தீவனம் மூழ்குவதாக, விளக்கை அணைத்த பிறகு.

இனி நம் குளிர். லிட்டருக்கு 1 வாட் ஹீட்டர் என்பது கோயம்புத்தூர்க் கணக்கு. ஊட்டியில் ஜனவரி இரவில் அறையே 10 டிகிரிக்கு வந்துவிடும். தொட்டியை 25-இல் நிறுத்த 40 லிட்டருக்கு 100 வாட் வையுங்கள், பின்புறமும் அடியிலும் ஒரு அங்குல தெர்மாகோல் கொடுங்கள். ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் தனித் தெர்மாமீட்டர் ஒன்று மாட்டுங்கள். கரண்ட் போனால் கம்பளியைச் சுற்றி, மூடிய 1 லிட்டர் பாட்டிலில் கை பொறுக்காத சூட்டு நீரை ஊற்றி உள்ளே நிறுத்துங்கள். ஒரு பாட்டில் ஏறக்குறைய 1 டிகிரி ஏற்றும். ஒரே நேரத்தில் நான்கு பாட்டில் வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

மீன் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு இங்கே பாதிக் காரணம் தண்ணீர் மாற்றும் நாள்தான். 12 டிகிரி குழாய்த் தண்ணீரை 10 லிட்டர் ஊற்றினால் 40 லிட்டர்த் தொட்டி ஒரே அடியில் 3 டிகிரிக்கு மேல் இறங்கும். வாளியில் எட்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரோடு ஒன்றரை லிட்டர் கொதிநீரைக் கலந்தால் 25-க்கு அருகே வரும். கெய்சர் நீர் வேண்டாம், சிலவற்றின் உள்ளே செம்பு.

செம்பு என்றதும் இன்னொன்று. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை "இயற்கைத் தண்ணீர்" என்று பிடித்து ஊற்றுகிறார்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய்க்காகத் தேயிலைக்கு அடிப்பது காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்து. லோச்சுக்குச் செதில் மிக நுண்ணியது, செம்பு அதைத்தான் முதலில் பதம் பார்க்கும். தயவுசெய்து அந்தத் தண்ணீர் வேண்டாம். ஊற்று நீரானாலும் கே.ஹெச். பாருங்கள், அதாவது பி.ஹெச்.சை (அமில-கார அளவை) நிலையாகப் பிடித்துவைக்கும் கார்பனேட் அளவு. 2-க்குக் கீழே இருந்தால், நுணுக்கிய பவளம் ஒரு மேசைக்கரண்டி துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். செடிக்காக சி.ஓ.2 வாயு விடும் தொட்டியில் இதைச் செய்யாவிட்டால் ஒரே ராத்திரியில் பி.ஹெச். சரியும்.

மருந்து போடவேண்டி வந்தால் பாதி அளவில் தொடங்குங்கள், செம்பு கலந்ததைத் தொடவே வேண்டாம். செயின் லோச்சுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் நாளுக்கு 1–2 டிகிரியாக 30 வரை ஏற்றி, காற்றுப் பம்பை முழுவேகத்தில் ஓடவிடுங்கள். ரோசி லோச்சுக்கு அந்தச் சூடு ஆகாது.

வாங்கும்போது கடைக்காரரைத் தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வராத மீனையும் வயிறு உள்வாங்கிய மீனையும் எடுக்காதீர்கள். எட்டு வாங்கக் காசு பத்தவில்லையா, இந்த மாதம் செடி வாங்குங்கள்.