சாயாத படகும் சாண்டோரினியின் வடகாற்றும்

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவின் தென்கரையில் விலிஹாடா என்றொரு சிறு துறைமுகம் இருக்கிறது. கோடையில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு தீவைச் சுற்றக் கிளம்பும் கேட்டமரான் என்ற இரட்டை உடல் படகுகள் பல இங்கிருந்துதான் புறப்படுகின்றன. சிவப்புக் கடற்கரை, வெள்ளைக் கடற்கரை, எரிமலைப் பள்ளம், வெந்நீர் ஊற்று என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓயா ஊருக்குக் கீழே படகை நிறுத்தி சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். நடுவில் படகிலேயே மீனோ இறைச்சியோ சுட்டுச் சாப்பாடு போடுவார்கள்.

அந்தச் சாப்பாட்டு மேசையைக் கவனிக்க வேண்டும். பாய் விரிந்திருக்கும், காற்று நன்றாகவே அடித்துக்கொண்டிருக்கும், மேசைமேல் வைத்த கண்ணாடித் தம்ளர் வைத்த இடத்திலேயே நிற்கும். அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு சாதாரணப் பாய்மரப் படகு போனால் அது இருபது டிகிரி சாய்ந்திருக்கும். அதில் இருப்பவர்கள் உயர்ந்த பக்கமாக ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கடலும் ஒன்று, காற்றும் ஒன்று. பிறகு எப்படி ஒன்று மட்டும் சாயாமல் போகிறது?

பாயில் படும் காற்று எந்தப் படகையும் கவிழ்க்கத்தான் பார்க்கும். அதை எதிர்த்து நிமிர்த்தும் விசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டு படகுகளும் வேறுபடுகின்றன. சாதாரணப் படகு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. அடியில் துடுப்புபோல இறங்கும் கீல் என்ற பகுதியில் ஈயத்தையோ இரும்பையோ வைத்திருப்பார்கள். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பாரமாகவே இருக்கலாம். பொம்மையைத் தள்ளினால் முதலில் சாயும், சாய்ந்த பிறகுதான் அடிப்பாரம் அதை இழுத்து நிமிர்த்தும். படகும் அப்படியே. சாயாமல் இருந்தால் பாரத்துக்கு வேலையே இல்லை. சாய்வுதான் அதன் பலம்.

கேட்டமரானில் இந்தப் பாரம் கிடையாது. ஓடுகிற பேருந்தில் கம்பி கிடைக்காதவர் என்ன செய்வார்? காலை அகட்டி நிற்பார். பேருந்து வளைவில் திரும்பினால் உடம்பின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், ஆள் விழமாட்டார். கேட்டமரானின் இரண்டு உடல்களும் அந்த இரண்டு கால்கள். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து உடல் கொஞ்சம் இலேசாகிறது, மறுபக்கத்து உடல் கொஞ்சம் அமிழ்கிறது. அமிழ்ந்த உடலை நீர் கூடுதலாக மேலே தள்ளுகிறது. அந்த உந்துதல் படகின் நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி நிகழ்வதால், நெம்புகோலின் நீண்ட முனையை அழுத்துவதுபோல, சிறு விசைக்கும் பெரும் பலன் கிடைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் நீளம், 10 டன் எடையுள்ள ஒரு கேட்டமரான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கும் இடையே 5 மீட்டர். மொத்த எடையும் ஒரே உடல்மேல் வந்துவிடும் நிலையில், எடை இறங்கும் புள்ளிக்கும் நீர் தாங்கும் புள்ளிக்கும் இடைவெளி 2.5 மீட்டர். பத்து டன்னை இரண்டரை மீட்டரால் பெருக்கினால் 25 டன்-மீட்டர். இந்த அளவுக்குக் காற்று தள்ளினால்தான் ஒரு உடல் நீரைவிட்டு எழும். அந்த உச்சப் பலம் சில டிகிரிச் சாய்விலேயே கிடைத்துவிடுகிறது என்பது முக்கியம். அதனால்தான் தம்ளர் நகர்வதில்லை.

ஆனால் அந்த உச்சத்தைத் தாண்டினால் கதையே மாறிவிடும். சாதாரணப் படகு சாயச் சாய அதன் பாய் காற்றுக்கு விலகிக்கொள்ளும். அடிப்பாரமும் மேலும் மேலும் இழுக்கும். கவிழ்ந்தால்கூடப் பெரும்பாலும் திரும்ப நிமிர்ந்துவிடும். கேட்டமரானிலோ, ஒரு உடல் எழுந்த நொடியிலிருந்து நிமிர்த்தும் பலம் குறையத் தொடங்குகிறது. முழுவதும் கவிழ்ந்துவிட்டால், மல்லாந்த நிலையிலும் அது அதே உறுதியோடு நிற்கும். அகலம் எந்தப் பக்கம் மேலே என்று பார்ப்பதில்லை. தீவைச் சுற்றும் சுற்றுலாப் படகுகள் அந்த எல்லையின் பக்கமே போவதில்லை. உடல் எழுவதற்கு வெகு முன்பே பாயைச் சுருக்கிவிடுவார்கள். ஆனால் எப்போது சுருக்குவது என்பதைப் படகு சாய்ந்து சொல்லாது. ஓட்டுநர் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 28 கிலோமீட்டராக அடித்த காற்று 40 ஆனால் பாய்மேல் விழும் விசை இரண்டு மடங்கு. மேசையில் இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நல்ல கேட்டமரான் ஓட்டுநரின் கண் அடிக்கடி அந்த எண்ணுக்குப் போய் வருவது இதனால்தான்.

அலையில் படும் பாடும் வேறு. சாதாரணப் படகின் ஆட்டம் ஊஞ்சலாட்டம்: மெதுவாக, நீளமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. கேட்டமரானின் ஆட்டம் மாட்டுவண்டி ஆட்டம்: சின்னச் சின்ன வெட்டுகள். மனிதனுக்குக் குமட்டலை அதிகம் வரவழைப்பது, ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாகத் தூக்கிப்போடும் மெதுவான அசைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைவிட வேகமான குலுக்கல் எரிச்சலூட்டும், ஆனால் அந்த அளவுக்கு வயிற்றைப் புரட்டாது. கேட்டமரானில் வாந்தியே வராது என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அலையின் ஏற்ற இறக்கம் எந்தப் படகையும் விடாது. பக்கவாட்டுச் சாய்வு இல்லாததால் பலருக்குத் தலைசுற்றல் குறையலாம், அவ்வளவுதான்.

பயணிகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு வசதியும் விலையும் மட்டும் காரணமில்லை. கேட்டமரானின் உடல்கள் ஒல்லியானவை. எந்தப் படகும் ஓடும்போது தன் நீளத்துக்கு ஏற்ற ஓர் அலையை எழுப்புகிறது. 12 மீட்டர் நீளமுள்ள அலை மணிக்குச் சுமார் 15.6 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். அந்த வேகத்தை நெருங்கும்போது அகலமான உடல் தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு மேடேற முடியாமல் திணறும். ஒல்லி உடல் சிறிய அலையே எழுப்புவதால் அந்தத் திணறல் அதற்குக் குறைவு. ஆனால் ஒல்லியாக இருப்பதால் எடை ஏற ஏறச் சட்டென்று அமிழ்ந்தும்விடும். முன்னே சொன்ன படகில் நீர்மட்டத்தில் ஒவ்வொரு உடலும் ஒன்றரை மீட்டர் அகலம் என்று கொண்டால், 16 பேர் ஏறியதும் படகு மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறங்கிவிடும். இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்துக்கும் நீருக்கும் இடையே உள்ள இடைவெளியில் அத்தனை போய்விடுகிறது. இடைவெளி குறைந்தால் அலை தளத்தின் அடியில் வந்து மொத்தும். கேட்டமரானில் போனவர்கள் காலுக்குக் கீழே திடீரென்று கேட்கும் அந்த 'தொம்' சத்தத்தை மறக்கமாட்டார்கள்.

இங்கே நம் சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். கேட்டமரான் என்பது கட்டுமரம்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து உலகத்துக்குப் போன சொல். சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியான தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் பெயர் நம்முடையது என்பதால் பொருளும் நம்முடையது என்று சொல்லிவிடக் கூடாது. கட்டுமரத்தில் இரண்டு உடல்கள் கிடையாது, உள்ளீடற்ற உடலே கிடையாது. இலேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை அது. அலை மேலேறி வந்தால் இடுக்கு வழியே வடிந்துபோகும். நீர் புகுந்து மூழ்க அதில் அறை ஏதும் இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள். இரண்டு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள். அந்த முறையில் கட்டிய ஹொகுலேயா என்ற படகு, வழிகாட்டும் நவீனக் கருவிகள் எதுவும் இல்லாமல், 1976இல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு நூறாண்டு முன்பு, 1876இல், அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரெஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளைப் பின்தள்ளி ஓடி எதிர்ப்பைச் சம்பாதித்தது. பாலினேசியர்களின் பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டது வரலாற்றின் ஒரு தற்செயல். ஆனாலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. ஈயப் பாரம் இல்லாததாலும், சுவர்களுக்குள் நுரைப்பொருள் இருப்பதாலும், இன்றைய கேட்டமரான்கள் பல, நீர் புகுந்தாலும் மூழ்காமல் மிதக்கின்றன. நீரை வெளியே நிறுத்துவதால் மிதக்காமல் தன் பொருளின் இலேசால் மிதப்பது கட்டுமரத்தின் வித்தை.

இனி காற்று. சாண்டோரினியில் ஜூலை, ஆகஸ்டில் அடிக்கும் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். பழைய கிரேக்கர்கள் அதை எதேசியன் காற்று என்றார்கள். 'ஆண்டுதோறும் வருவது' என்று பொருள். நம் பழைய பெயர் வரிசையில் வடக்கிலிருந்து வருவது வாடை, குளிரைக் கொண்டுவருவது. ஏஜியன் கடலிலோ வடகாற்று கொளுத்தும் கோடையில், மேகமே இல்லாத வானத்தில் வருகிறது. மேற்கே பால்கன் பகுதியில் காற்றழுத்தம் அதிகம், கிழக்கே துருக்கியின்மேல் குறைவு. பூமி சுழல்வதால் காற்று உயரழுத்தத்திலிருந்து தாழ்வுக்கு நேராகப் போகாமல் இரண்டுக்கும் நடுவே வளைந்து, வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது.

துருக்கிமேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம் உள்ளூர்ச் சரக்கு மட்டுமில்லை. பாகிஸ்தான், பாரசீக வளைகுடா வழியாக மேற்கே நீளும் பெரிய தாழ்வழுத்தப் பகுதியின் வால் அது. அதன் தலை நம் தென்மேற்குப் பருவமழையோடு பிணைந்தது. மழை பெய்யும்போது நீராவி நீராக மாறி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தில் இந்தியாவுக்கு மேலே காற்று மாபெரும் அளவில் எழுகிறது. எழுந்ததன் விளைவு மேல்வளிமண்டலத்தில் மேற்கு நோக்கிப் பரவி, கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு மேல் காற்றைக் கீழே இறங்கவைக்கிறது. இறங்கும் காற்று சூடாகி, மேகத்தைக் கரைத்துவிடும். ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற வானிலை ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் இந்தத் தொடர்பை விளக்கினார்கள். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களும் சாண்டோரினியில் துளி மழை இல்லாத நாட்களும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகள். ஓயாவின் வெள்ளை வீடுகளுக்குப் பின்னால் தெரியும் அந்த நீல வானத்தில் நம் மழைக்கும் பங்கு இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

வடகாற்று அடிக்கும்போது தென்கரையில் இருக்கும் விலிஹாடா தீவின் மறைவில் இருக்கும். அலை சிறிதாக இருக்கும். ஆனால் மறைவிலும் ஒரு பொறி உண்டு. உச்சியைத் தாண்டிய காற்று, பாறைச் சரிவில் விழுந்து, திடீர் வீச்சுகளாகக் கடலில் இறங்கும். நீரின்மேல் கருமையான திட்டு ஒன்று ஓடி வருவது தெரிந்தால் அடுத்த சில நொடிகளில் பாய் அதிரும். மெல்தெமி மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் படகுகளை வெளியே விடமாட்டார்கள். பல நாட்களில் பயணத்தின் பெரும்பகுதி இன்ஜினில்தான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பாய்க்காகவே பணம் கட்டுகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அக்ரோதிரி முனையைச் சுற்றியதும் படகு எரிமலையின் வாய்க்குள் நுழைகிறது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த எரிமலை தன் அடியில் இருந்த கற்குழம்பைக் கக்கித் தீர்த்தது, தாங்க ஆளில்லாமல் மேற்கூரை உள்ளே சரிந்தது, கடல் புகுந்தது. அந்தச் சாம்பலில் புதைந்த அக்ரோதிரி ஊரை 1967இலிருந்து ஸ்பிரிடன் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் தோண்டி எடுத்தார். அங்கே ஒரு வீட்டின் சுவரோவியத்தில் கப்பல்கள் வரிசையாக ஊர்வலம் போகின்றன. இதே நீரில் படகில் போவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பள்ளத்தின் சுவர்கள் நீருக்கு மேலே 300 மீட்டர் வரை எழுகின்றன. நீருக்குக் கீழேயும் அதே செங்குத்தில் இறங்கி, ஆழம் 390 மீட்டரைத் தொடுகிறது. கரைக்கு வெகு அருகிலேயே ஆழம் நங்கூரத்துக்கு எட்டாமல் போய்விடுவதால், நிற்க இடம் தேடுவதே பெரும்பாடு.

நடுவில் இருக்கும் இரண்டு கருந்தீவுகள் அந்தப் பேரழிவுக்குப் பின் எழுந்தவை. நெயா கமேனி கடைசியாக 1950இல் குமுறியது. வெந்நீர் ஊற்று இருப்பது பக்கத்துப் பாலேயா கமேனியில். வாயில்வரை படகு போகும், பிறகு குதித்து நீந்த வேண்டும். நீலமாக இருந்த நீர் சட்டென்று பச்சையாகி, செம்மண் குழம்பாக மாறும். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் கரைந்த இரும்பு, கடல்நீரின் ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாகிப் படிகிறது. வெள்ளைத் துணி உடுத்திக் குதித்தால் கறை போகாது. கொதிக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்; கடல்நீர் கலந்து வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். எரிமலை அடங்கிவிட்டதா என்றால், இல்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே வாரக்கணக்கில் நிலநடுக்கங்கள் தொடர்ந்து, ஆயிரக்கணக்கானோர் தீவைவிட்டு வெளியேற நேர்ந்தது.

சூரியன் மறைந்ததும் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும். நெருக்கடியான துறைமுகத்துக்குள் அகலமான படகை எப்படித் திருப்புவார்கள் என்று அப்போது பாருங்கள். ஒவ்வொரு உடலின் பின்கோடியிலும் ஒரு இன்ஜின். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓட்டினால், ஐந்து மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இழுக்கும் இரண்டு விசைகள் படகை நின்ற இடத்திலேயே சுழற்றும். சுக்கானைத் தொடவே வேண்டாம். இரண்டு கைப்பிடிகளை மட்டும் அசைத்து, பின்பக்கமாகத் துறையோடு ஒட்டிவிடுவார் ஓட்டுநர். மேசையில் யாராவது தம்ளரை மறந்து விட்டுப் போயிருந்தால், அது அப்போதும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.