லப்டொப் பற்றரிக்கு செல் மாற்றும்போது உள்ளே நடப்பது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். அந்தச் சூட்டில், நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியபடி 100 வீதத்தில் நிற்கும் லப்டொப்பின் பற்றரிதான் முதலில் போகும். லிதியம் அயன் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் தகட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது தடிக்கத் தடிக்க, இரு தகடுகளுக்கும் இடையே ஓடித் திரியவேண்டிய லிதியம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் படலம் விரைவாக வளரும். கொள்ளளவு குறையும், உட்தடை (செல்லுக்குள்ளேயே மின் ஓட்டத்துக்கு இருக்கும் தடை) கூடும். 40 வீதம் காட்டிய கணினி பட்டென்று அணைவது இந்த உட்தடையால்தான்.

எல்லாப் பற்றரியையும் பிரிக்கலாம் என்றில்லை. கொக்கியைத் தள்ளிக் கழற்றக்கூடிய, தடித்த பழைய பற்றரிகளுக்குள் பெரும்பாலும் 18650 செல்கள் இருக்கும்: விட்டம் 18 மில்லிமீற்றர், நீளம் 65. இவற்றை மாற்றலாம். மெலிந்த லப்டொப்புகளில் வரும் தட்டையான பை வடிவச் செல்களை விட்டுவிடுங்கள். ஊதியிருந்தால் தொடவே வேண்டாம், முழுப் பற்றரியாகவே வாங்குங்கள். லேபிளில் 10.8 அல்லது 11.1 வோல்ற் என்றிருந்தால் மூன்று தொகுதிகள் தொடராக இருக்கின்றன. ஆறு செல் என்றால் தொகுதிக்கு இரண்டு சமாந்தரமாக. 14.4, 14.8 என்றால் நான்கு தொகுதி. 11.4 என்றிருந்தால் அது ஒரு செல்லை 4.35 வோல்ற் வரை ஏற்றும் வகை. அதில் சாதாரண 4.2 வோல்ற் செல்லைப் போட்டால் ஒவ்வொரு சார்ஜும் அளவுமீறிய சார்ஜ்தான்.

செல் வாங்கக் காசு கொடுக்க முன்னர் பழையதைத் திறந்து மீற்றர் வையுங்கள். உறையின் பொருத்து ஓரமாக மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி நகர்த்தவேண்டும். ஸ்குறூட்றைவரால் நெம்பினால் செல் ஓட்டையாகும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். உள்ளே ஒரு சிறு சேர்க்கிட் பலகை இருக்கும். இந்த வேலையில் சிக்கல் செல்லில் இல்லை, இந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதிலுள்ள சிப் ஒவ்வொரு தொகுதியின் வோல்ற்றளவையும் தனித்தனியே பார்க்கிறது, எத்தனை தரம் சார்ஜ் ஏறியது என்று எண்ணுகிறது, கொள்ளளவை நினைவில் எழுதிவைக்கிறது. ஒரு தொகுதி மட்டும் மிகவும் விழுந்துவிட்டால் ‘நிரந்தரப் பழுது’ என்று குறித்துக்கொள்ளும். பல பலகைகளில் அதோடு மூன்று கால் ஃபியூஸ் ஒன்றையும் சிப்பே சூடாக்கி உருக்கிவிடும். அதன் பிறகு எந்தப் புதுச் செல் போட்டாலும் வெளியே 0 வோல்ற்தான். ஆகவே முதலில் அந்த ஃபியூஸில் மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றரால் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பற்றரியோடு மினக்கெட வேண்டாம்.

செல் தெரிவில் ஏமாற்று அதிகம். 18650 அளவில் 3,600 மில்லியம்பியர் மணிக்கு மேல் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். 9,900 என்றால் பொய்யேதான். நல்ல செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும், போலி கையிலேயே பாரமில்லாமல் தெரியும். ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்தவை வேண்டும். மேலே குமிழ் இல்லாத, தனிப் பாதுகாப்புப் பலகை இல்லாத வகையைக் கேளுங்கள். பாதுகாப்புப் பலகை உள்ளவை நீளம் கூடியவை, உறைக்குள் அடங்காது.

இணைக்க முன் எல்லாச் செல்லையும் ஒரே வோல்ற்றுக்குக் கொண்டுவாருங்கள்; 0.02 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 4.1 வோல்ற் செல்லையும் 3.6 வோல்ற் செல்லையும் சமாந்தரமாகத் தொட்டால் வித்தியாசம் 0.5 வோல்ற். இரண்டின் உட்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்தால், அந்தக் கணமே ஒன்றிலிருந்து மற்றதற்குள் 5 அம்பியர் பாயும்.

சோல்டரிங் அயனைச் செல்லில் வைக்காதீர்கள். அயன் நுனி 350 பாகை. உள்ளே தகடுகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாளோ 130 பாகையிலேயே இளகத் தொடங்கும். 0.15 மில்லிமீற்றர் நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டரால் ஒட்டுவதே முறை. வெல்டர் இல்லாதவர் பட்டி ஒட்டியே விற்கும் செல்லை வாங்கி, பட்டியின் நுனியில் மட்டும், இரண்டு மூன்று செக்கனுக்குள் ஈயம் பிடிக்கலாம். நிக்கல் என்று விற்பதில் பல, பூச்சுப் பூசிய இரும்பு. ஒரு துண்டை அரத்தால் உரசி, கடல்நீரில் இரவு முழுக்கப் போட்டால் காலையில் செந்துரு காட்டிக்கொடுக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் செல்லின் நேர்முனை விளிம்பு. நடுவிலுள்ள வட்டம் மட்டுமே நேர். அதைச் சுற்றிய விளிம்பும் முழு உடலும் எதிர். மேலே போகும் பட்டியையும் அந்த விளிம்பையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. பட்டி அந்த விளிம்பைத் தாண்டும் இடத்தில் உறை கீறுப்பட்டால் நேரடி ஷோர்ட். ஒவ்வொரு நேர்முனையிலும் காப்புக் கடதாசி வளையம் ஒட்டியபின் பட்டியை வையுங்கள். வெளியே சீமெந்துத் திண்ணையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு வேலை செய்யுங்கள். செல் சூடேறிச் சீறினால் மணலுக்குள் போட்டுவிட்டு விலகுங்கள். அந்தப் புகையில் ஐதரசன் ஃபுளோரைட் என்ற நச்சு வாயு இருக்கும்.

பலகையிலிருந்து செல் தொகுதிகளுக்குப் போகும் வயர்களைக் கழற்றும்போது தொடரின் உச்ச நேர்முனையில் தொடங்கி எதிர்முனையில் முடியுங்கள். பூட்டும்போது எதிர்முனை முதலில், பிறகு படிப்படியாக மேலே. முறை பிழைத்தால் சிப்புக்குத் தாங்க முடியாத வோல்ற் போகும், அல்லது அது பழுது என்று எழுதிப் பூட்டிக்கொள்ளும். மின் முற்றாக அற்றாலே பூட்டிக்கொள்ளும் பலகைகளும் உண்டு. வெப்ப உணரியைப் பழையபடி செல்லோடு ஒட்டி வையுங்கள்.

பூட்டி முடித்தும் 0 வோல்ற் காட்டினால் பயப்பட வேண்டாம், சார்ஜர் செருகினால் பல பலகைகள் விழிக்கும். முதல் சார்ஜில் பக்கத்திலேயே இருங்கள். நிறைந்ததும் இரண்டு மணிநேரம் ஓயவிட்டு, தானாக அணையும்வரை ஓட்டி, ஐந்து மணிநேரம் ஓயவிட்டு, திரும்ப நிறைத்தால் சிப் புதிய கொள்ளளவைப் படித்துக்கொள்ளும். சார்ஜ் எண்ணிக்கை மட்டும் பழையபடியே நிற்கும். அதை அழிக்கத் தனி மென்பொருளும் சிப்பின் கடவுச்சொல்லும் வேண்டும், அதற்காக மெனக்கெடுவது வீண்.

கழற்றிய செல்களின் இரு முனைக்கும் ரேப் ஒட்டி, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம்.