டைக் கறை நூலுக்குள்ளே எப்படிப் பிறக்கிறது

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முதல்நாள் பெரியப்பா கிணற்றடியில் நின்று தலைக்கு டை அடித்தார். வெள்ளை வேட்டியில் நான்கைந்து துளி விழுந்தது. விழுந்தபோது இலேசான மண்ணிறம்தான். "குளிக்கேக்க அலசினா போயிடும்" என்று விட்டுவிட்டார். குளித்துவிட்டுப் பார்த்தால் துளிகள் கறுத்திருந்தன. பெரியம்மா தேசிக்காயை வெட்டி அழுத்தித் தேய்த்தார். கறை அசையவில்லை.

துருக்கறை என்றால் தேசிக்காய் கைகொடுத்திருக்கும். அதன் புளிப்பு இரும்பைப் பிடித்துக் கரைத்துவிடும். டைக் கறையில் இரும்பு இல்லை.

நிரந்தர டைகள் பலவற்றில் இருப்பது பி.பி.டி. (பரா-பினைலீன்டைஅமீன்) என்ற நிறமற்ற சிறு மூலக்கூறு. அதன் மூலக்கூற்று நிறை வெறும் 108. ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற ஒட்சியேற்றியுடன், அதாவது ஒட்சிசன் தரும் பொருளுடன், சேர்ந்ததும் இவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மூன்று இணைந்தாலே நிறை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும், கருமையும் வந்துவிடும். தலைமயிருக்குள் அரை மணித்தியாலத்தில் நடக்கும் இந்த வேலை பருத்தி நூலுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. ஈரத்தில் ஊதிய நூலுக்குள் சிறு மூலக்கூறுகள் எளிதாகப் புகுந்து, உள்ளேயே பெரிதாகிவிடுகின்றன. வெள்ளரிப் பிஞ்சைக் கொடியோடு போத்தலுக்குள் விட்டுப் பாருங்கள். காய் முற்றிய பிறகு போத்தலை உடைக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. இங்கே நூலை உடைக்க முடியாது, காயைத்தான் உடைக்க வேண்டும்.

ஆகவே துளி விழுந்த அந்த நிமிடமே தலையை விட்டுவிட்டுத் துணியைக் கவனியுங்கள். கறையின் பின்பக்கத்தால் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். சூடு, நிறம் உருவாவதை வேகப்படுத்தும். அப்புறம் சலவைத்தூள். நம் ஊர்ச் சவர்த்தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரண்டு துணியிலேயே படியும்.

கறுத்த பிறகு என்றால் சோடியம் பேர்காபனேற்று கலந்த வெளுக்கும் தூள் உதவும். அது நீரில் கரைந்து தருவதும் அதே ஐதரசன் பேரொட்சைட்டுத்தான். நிறத்தை உண்டாக்கியதே நிறத்தை அழிக்குமா? அழிக்கும். முதல் ஒட்சியேற்றம் மூலக்கூறுகளைக் கோக்கிறது; அது மேலும் தொடர்ந்தால் நிறம் தரும் பிணைப்புகளையே உடைக்கிறது. இதனால்தான் மிஞ்சிய டையை நன்றாக அலசாமல் இந்தத் தூளைப் போடக்கூடாது. போட்டால் கறை இன்னும் கறுக்கும். அலசிய வெள்ளைப் பருத்தியை இளஞ்சூட்டு நீரில் சில மணித்தியாலம் ஊறவிடலாம்.

குளோரின் திரவம் இன்னும் கடுமையானது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும், நீர் கலந்து, சில நிமிடம் போதும். பட்டுச்சேலைக்கு வேண்டவே வேண்டாம்; பட்டு புரதம், அது அரித்துப்போகும். தேசிக்காய் தேய்த்த துணியிலும், அமோனியா உள்ள டை ஈரமாயிருக்கும் துணியிலும் குளோரின் திரவத்தை ஊற்றவே கூடாது. நச்சுவாயு கிளம்பும். பெரியம்மாவின் கையில் அன்று அந்தப் போத்தலும் இருந்தது. நல்ல காலம், மூடியைத் திறக்கும் முன்பே தடுத்துவிட்டோம்.

வேட்டியை இரண்டு தரம் அலசி, இரவு முழுக்கத் தூளில் ஊறவைத்தோம். காலையில் சாம்பல்நிறத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பக்கத்தை உள்மடிப்பாக வைத்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா பொங்கலுக்குப் புறப்பட்டார்.