முன்சக்கரத்தில் உட்கார்ந்த எஞ்சின்: வெலோசோலெக்ஸ் ஓடிய விதம்

பழைய பிரெஞ்சுத் தெருப் படங்களில் அந்த வண்டியைப் பார்த்திருக்கலாம். உருவத்தில் சைக்கிள்தான். ஆனால் முன்சக்கரத்துக்கு மேலே, ஹேண்டில்பாரை ஒட்டி, உருண்டையாக ஒரு கறுப்பு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பெடலுக்கு ஒரு செயின் உண்டு. எஞ்சினுக்கென்று செயினும் கிடையாது, கியர்பெட்டியும் கிடையாது. வெலோசோலெக்ஸ் என்பது அதன் பெயர். 1946இல் விற்பனைக்கு வந்து, உலகம் முழுக்க 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

மோரிஸ் குதார், மார்செல் மெனெசோன் என்ற இரண்டு பொறியாளர்கள் நடத்திய நிறுவனம் சோலெக்ஸ். அவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்களே அல்ல. முதலில் ரேடியேட்டர் செய்தார்கள், பிறகு கார்புரேட்டர், அதாவது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி. கார் உலகத்தில் சோலெக்ஸ் என்றாலே கார்புரேட்டர்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில்கூட அந்தப் பெயர் பொறித்த கார்புரேட்டர் இருந்தது. 1941இல், போர்க்காலத்தில், 45 சி.சி. எஞ்சின் ஒன்றைச் சைக்கிளில் மாட்டி முன்மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். கார்புரேட்டர்காரர்கள் செய்த வண்டி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதில் உள்ள பல விஷயங்கள் தானாகப் புரியும்.

எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது உருளை. எஞ்சினின் சுழல் தண்டிலிருந்து வரும் சின்ன உருளை ஒன்று, முன்டயரின் மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கும். உருளை சுழல, உராய்வால் டயரும் சுழலும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியின் வேகத்துக்கும் சக்கரத்தின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. உருளையின் விளிம்பு என்ன வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தில்தான் டயரின் விளிம்பும் நகரும். டயர் விளிம்பின் வேகம்தான் சாலையில் வண்டியின் வேகம். ஆகவே சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு மாறாது. உதாரணத்துக்கு, உருளையின் விட்டம் 4.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 14 செ.மீ. நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி வரும். கியர்பெட்டி செய்ய வேண்டிய வேலையை உருளையின் விட்டமே செய்து முடித்துவிடுகிறது.

எஞ்சின் வேண்டாமென்றால் ஹேண்டில்பார் பக்கம் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் போதும். எஞ்சின் அப்படியே மேலே எழும்பி டயரை விட்டு விலகிவிடும். அப்புறம் அது வெறும் சைக்கிள், கொஞ்சம் கனமான சைக்கிள். 1959 வரை கிளட்ச் கிடையாது. வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும், இல்லையென்றால் அதைத் தூக்கிவிட வேண்டும். அந்த ஆண்டு வந்த 1700 மாடலில்தான் தானாகப் பிடித்துத் தானாக விடும் கிளட்ச் சேர்ந்தது.

சரி, மழை பெய்தால்? டயருக்கும் உருளைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் உருளை வழுக்கும். அதற்காக உருளையின் மேல் கார்போரண்டம் என்ற சொரசொரப்பான பொருளைப் பூசினார்கள். பிடிமானம் கூடியது, டயரின் தேய்மானமும் கூடியது. எஞ்சினின் கனம் முழுக்க முன்பக்கம் என்பதால் திருப்பும்போது அதையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். என்னைக் கேட்டால் இந்த உருளை ஒரு சமரசம், அவ்வளவுதான். உண்மையான கெட்டிக்காரத்தனம் பெட்ரோல் போகும் பாதையில் இருக்கிறது.

வழக்கமான கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை எழும்பி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். காரில் இது ஒழுங்காக வேலை செய்யும். ஸ்பிரிங் இல்லாத சைக்கிள் ஃபோர்க்கின் மேல், கல்பாவிய தெருவில், மிதவை குதியாட்டம் போடும். மட்டம் தடுமாறினால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் கெடும்.

சோலெக்ஸ்காரர்கள் மிதவையையே தூக்கி எறிந்துவிட்டார்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போகும்போது கீழே உள்ள அறையில் அழுத்தம் குறையும், கீழே வரும்போது கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு மெல்லிய சவ்வின் மேல் விட்டால் சவ்வு துடிக்கும். முன்னும் பின்னும் வால்வு வைத்தால் அதுவே பம்பு. எஞ்சினின் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் டேங்கிலிருந்து, தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலை அது மேலே தள்ளும். கார்புரேட்டரில் ஏரிக்குக் கலிங்கு மாதிரி ஒரு விளிம்பு. அதற்கு மேல் வருவதெல்லாம் வழிந்து, இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். வண்டி எவ்வளவு குலுங்கினாலும், ஜெட் எனப்படும் பெட்ரோல் வெளிவரும் சின்னத் துளைக்கு முன்னால் மட்டம் பெரிதாக மாறாது. இன்று மரம் அறுக்கும் பவர் சாவிலும் புல்வெட்டும் இயந்திரத்திலும் பெட்ரோலை ஏற்றுவது இதே சவ்வுத் துடிப்புதான்.

பிற்காலத்தில் எஞ்சின் 49 சி.சி. ஆனது, சக்தி ஒரு குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் போதும். எண்ணெய் கலந்த பெட்ரோலை சோலெக்சின் என்ற பெயரில் கேனிலேயே விற்றார்கள். பதினான்கு வயதுப் பள்ளிப் பிள்ளையும் ஓட்டலாம், ஊர்ப் பாதிரியாரும் ஓட்டலாம். 1964இல் 3300, 1966இல் 3800 என்று மாடல்கள் வந்தாலும் அடிப்படை அப்படியே இருந்தது.

காலம்தான் மாறியது. இன்னும் வேகமான மொபெட்டுகள் வந்தன, கார் மலிவானது, ஹெல்மெட் கட்டாயமானது. 1974இல் வெலோசோலெக்ஸ், மோட்டோபெக்கான் என்ற பிரெஞ்சு மொபெட் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் ஊரில் ஓடிய சுவேகா மொபெட் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டதுதான். பிறகு மோட்டோபெக்கானே நொடித்து, யமஹாவின் கீழ் எம்.பி.கே. ஆயிற்று. 1988 நவம்பரில் பிரான்சின் சான் கான்தான் ஊர் ஆலையில் வெலோசோலெக்ஸ் உற்பத்தி நின்றது. அதன் பிறகும் ஹங்கேரியில் சில ஆண்டுகள் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள்.